பொலிகார்ப்போவின் வீங்கிய கன்னம்

கைகள் செங்கல் தூளைச் சலித்துக்கொண்டிருந்தன. ஒரு தகர டப்பாவின் வாயில் கிழிந்த சட்டைத் துணியை இறுக்கிக் கட்டி, அதன் மேல் தூளைப் பரப்பி, விரல் நுனியால் மெல்லத் தட்டின. துணிக்குக் கீழே இறங்கியது நிறம். மேலே நின்றது வெறும் மண். இறங்கியதை எடுத்து மறுபடியும் சலித்தன. பிறகு முட்டையின் வெள்ளைக்கருவில் ஒரு துளி விட்டுக் குழைத்து, இடது கட்டைவிரல் நகத்தில் தடவி, வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தன. திருப்தி இல்லை. இன்னும் ஒரு முறை சலித்தன.

தூரிகை என்பது கோழி இறகின் தண்டில் செருகிக் கட்டிய கொஞ்சம் பூனைமுடி. கறுப்புக்குச் சூளையின் புகைக்கரி. வெள்ளைக்குச் சுண்ணாம்பு. முழங்காலின் மேல் ஒரு பலகை, பலகையின் மேல் உள்ளங்கை அளவுக்கு ஓர் அட்டை.

எதிரில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. யாருடைய முகத்தை வரைய வேண்டுமோ அவன் வரைபவரின் முதுகுக்குப் பின்னால் இருந்தான். அவனைச் சுற்றி நின்ற நாங்கள்தான் அவன் முகத்தைச் சொல்லிக்கொண்டிருந்தோம்.

"மூக்கு?"

"பாதி மூஞ்சி மூக்குதான் மயெஸ்த்ரோ. மழை பெஞ்சா வாய் நனையாது."

"விளையாடாதீங்கப்பா. மேடா, சப்பையா?"

"மேடு. நடுவுல ஒரு முடிச்சு இருக்கு. சின்ன வயசுல கழுதை உதைச்சதாம்."

"பாவம் கழுதை" என்றார் இன்னொருவர். "கால் உடைஞ்சிருக்கும்."

பின்னால் இருந்தவன் எழுந்து அடிக்கப் போனான். கைகள் மட்டும் அசையாமல், மூக்குக்கான கோட்டை அட்டையில் இழுத்தன.

அந்தக் கைகளுக்குச் சொந்தக்காரர் மெலித்தோன் வராச்சி. கைவேலை தெரிந்தவர்களை எங்கள் ஊரில் மயெஸ்த்ரோ என்றுதான் கூப்பிடுவோம். சிறை முகாமிலும் அந்த மரியாதை குறையவில்லை. சாக்கோப் போரில் பராகுவேக்காரர்கள் எங்களைக் கூட்டமாகப் பிடித்து, ஆற்றைக் கடந்து கொண்டுவந்து, கால்வாய் வெட்டவும் சாலை போடவும் பிரித்து அனுப்பினார்கள். எங்கள் குழுவுக்குக் கிடைத்தது பராகுவாரி மலையடிவாரத்தில் ஒரு செங்கல் சூளை. அதன் சொந்தக்காரி ஒரு விதவை, தெயோலிந்தா. அந்த நாட்டு வழக்கப்படி எல்லோரும் அவளை ஞா தெயோலிந்தா என்பார்கள். அவளுடைய இரண்டு மகன்களும் போர்முனையில் எங்கள் ஆட்களைச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் எங்களுக்கு மரவள்ளிக்கிழங்கு வேகவைத்துப் போட்டாள்.

மெலித்தோன் முகம் பார்க்காமல் முகம் வரைந்ததற்குக் காரணம் அவருடைய தொழில். எங்கள் நாட்டின் லா பாஸ் நகரத்து மேட்டுத் தெரு ஒன்றில், ரொட்டிகளுக்கு முகம் செய்வது அவர் குடும்பத்துக்குப் பிழைப்பு. நவம்பர் தொடக்கத்தில் எங்கள் ஆட்கள் இறந்தவர்களுக்குப் படையல் மேசை போடுவார்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் ஆள் உருவ ரொட்டி சுட்டு, அதில் கட்டைவிரல் அளவுக்கு சுண்ணாம்பில் வார்த்த ஒரு முகத்தைப் பதிப்பார்கள். அந்த ரொட்டியைப் பார்த்துத்தான் ஆன்மா தன் மேசையைக் கண்டுபிடித்து உட்காரும். அந்த இரண்டு நாள் வியாபாரத்துக்காக மெலித்தோன் வருடம் முழுவதும் முகம் வார்த்து, முகம் தீட்டினார்.

விலை கூடுதலாகக் கொடுப்பவர்கள் வந்து அடையாளம் சொல்வார்கள். அப்பாவுக்கு மீசை, அத்தைக்கு இடது கன்னத்தில் மச்சம் என்பார்கள். அவர் கேட்டுச் செய்வார். அவர் செய்த முகங்களில் ஒன்றைக்கூட அவர் நேரில் பார்த்ததில்லை. பார்க்கவும் முடியாது. அதனால் முகம் என்பது அவருக்குக் காதால் வருவதாகவே இருந்தது. அந்தத் தொழிலுக்குச் சில ஒழுங்குகளும் உண்டு. கண் நேராகப் பார்க்க வேண்டும். வாய் மூடியிருக்க வேண்டும். இரண்டு கன்னத்திலும் வட்டமாகச் சிவப்பு. சுருக்கமோ தழும்போ கூடாது. வருகிற ஆன்மா தன் முகத்தைப் பார்த்துக் கூச்சப்படக் கூடாது.

எனக்கு லா பாசில் கம்பளித் தொப்பி வார்க்கிற வேலை. தலைகளின் அளவு தெரியும். ஒரு தலைகூட இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்காது என்பதும் தெரியும். மெலித்தோனின் முகங்கள் இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருந்ததை நான் முதல் நாளே கவனித்தேன். ஆனால் மற்றவர்கள் சொல்கிற கேலியெல்லாம் அந்த ஒழுங்குக்குள் எப்படியோ நுழைந்து, பார்த்தவுடன் இது இன்னார் என்று தெரிந்தது. ஆகவே நான் ஒன்றும் சொல்லவில்லை.

செஞ்சிலுவைக்காரர்கள் எப்போதாவது ஒரு முறை வந்து வீட்டுக்கு அனுப்ப அட்டை கொடுப்பார்கள். ஒரு பக்கத்தில் "நலமாக இருக்கிறேன்" என்று ஏற்கெனவே அச்சடித்திருக்கும். கீழே கைநாட்டு வைத்தால் போதும். மறுபக்கம் காலி. எங்களில் பாதிப்பேருக்கு எழுதத் தெரியாது. வீட்டில் முக்கால்வாசிப் பேருக்குப் படிக்கத் தெரியாது. அந்தக் காலிப் பக்கத்தில் மெலித்தோன் முகம் வரைந்து கொடுத்தார். காசு வாங்கவில்லை. முட்டையை மட்டும் நாங்கள் கொண்டுவர வேண்டும். ஞா தெயோலிந்தாவின் கோழிகள் அந்த ஆண்டு ஏன் குறைவாக முட்டையிட்டன என்று அவள் ஒருபோதும் கேட்கவில்லை.

பொலிகார்ப்போ தார்க்கி தன் அட்டையை வாங்கியபோது முகாம் முழுக்கக் காட்டினான். வியாச்சா பக்கத்துக் குடியானவன். நல்ல தோள், சின்னக் கண், கொஞ்சம் வீம்பு. கல்யாணமாகி ஒரு விதைப்புதான் முடிந்திருந்தது, பட்டாளத்துக்குப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார்கள்.

"தொமாசா இதைப் பார்த்தா என்ன ஆவா தெரியுமா? அண்ணே, தொப்பிக்காரரே, பாருங்க. ராஜா மாதிரி இருக்கேன்."

"ராஜா மாதிரிதான்டா இருக்கே" என்றேன். "உன்னை மாதிரிதான் இல்லை."

அட்டை போயிற்று. குளிர்காலம் போயிற்று. நவம்பரும் போயிற்று. பிறகு ஒரு நாள், வெயிலில் காய்ந்த செங்கல் தொட முடியாமல் சுட்ட ஒரு கோடையில், புதிதாகப் பிடிபட்ட சிலரைக் காவலர்கள் சூளைக்குக் கொண்டுவந்தார்கள். மீசை சரியாக முளைக்காத பட்டாளம். சீருடை போட்டுச் சில வாரங்கள்கூட ஆகியிருக்காது. அதில் ஒருவன் செனோன். பொலிகார்ப்போவின் ஊர்க்காரன்.

பொலிகார்ப்போ களிமண் கையோடு ஓடினான். செனோன் அவனைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டு, மண் மிதிக்கிற குதிரைக்குப் பின்னால் போய் ஒளிந்தான்.

"கிட்ட வராதே!"

"டேய் செனோன், நான்டா, பொலிகார்ப்போ!"

"தெரியுது. அதான் வராதேங்கறேன். உனக்குத்தான் எல்லாம் செஞ்சோமே! மேசை போட்டோம், சோள மது ஊத்தினோம், தண்ணி தூக்கிட்டுப் போக வெங்காயத் தாள்கூட வெச்சோம். இன்னும் என்ன குறை உனக்கு?"

"என்னடா உளர்றே?"

"உன் ரொட்டியில ஒரு கையைத்தான் நான் தின்னேன். எல்லாரும்தான் தின்னாங்க. அதுக்காகவா வந்திருக்கே?"

நாங்கள் சிரிக்கத் தொடங்கினோம். பொலிகார்ப்போ சிரிக்கவில்லை. அவன் குதிரையைச் சுற்றி வந்து செனோனின் கழுத்தைப் பிடித்து, களிமண் கையை அவன் முகத்தில் அப்பினான். உயிருள்ள கை என்று அதற்குப் பிறகுதான் செனோன் நம்பினான், நம்பியதும் அழுதான். அழுகைக்கு நடுவில் விஷயம் வெளியே வந்தது.

அட்டை ஊருக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. கோயில் மணிக்காரர் அச்சடித்ததைப் படித்துக் காட்டியிருக்கிறார். ஆனால் மறுபக்கத்து முகத்தை ஊரே பார்த்தது. மூடிய வாய், நேரான கண், வட்டச் சிவப்புக் கன்னம். லா பாசில் காசு கொடுத்து வாங்குகிற ரொட்டி முகம்.

"இவ்வளவு நல்ல வேலை யாருக்கு வரும்? பட்டாளமே ரொட்டிக்கு முகம் செஞ்சு அனுப்பியிருக்குன்னு பெரியவங்க எல்லாரும் சொன்னாங்க. வட்டமா வெட்டி ரொட்டியில ஒட்டினோம்."

"அதுல நலமா இருக்கேன்னு போட்டிருக்கேடா!"

"செத்தவங்க நலமாத்தானே இருப்பாங்க?"

பொலிகார்ப்போ குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"தொமாசா?"

"கறுப்பு உடுத்தியிருக்கா."

"எப்ப எடுப்பா?"

"அடுத்த மேசை முடிஞ்சதும். அப்பதானே ஒரு வருஷம் ஆகும்." செனோன் முகத்துக் களிமண்ணை வழித்தான். "உழவுக்கு லூக்காஸ் வந்து போறான்."

"எந்த லூக்காஸ்?"

"மாடு வெச்சிருக்கானே."

"எல்லாரும்தான் மாடு வெச்சிருக்காங்க!"

"இவன் நல்ல மாடு வெச்சிருக்கான்" என்றான் செனோன்.

கறுப்பை எடுத்த பெண் வேறு வீட்டுக்குப் போகலாம். எங்கள் பக்கம் அதில் குற்றம் கிடையாது. ஆள் இல்லாத நிலத்தை யாராவது உழத்தானே வேண்டும். ஆக அடுத்த நவம்பருக்குள், தான் சாகவில்லை என்று பொலிகார்ப்போ தன் மனைவிக்குச் சொல்லியாக வேண்டும். எழுத்தை அவள் நம்ப மாட்டாள் என்பது தெரிந்துவிட்டது.

அன்று மாலை முற்றம் முழுக்க ஒரே கலவரம். மெலித்தோனிடம் அட்டை வாங்கியவர்கள் எல்லாம், தங்கள் வீட்டிலும் ரொட்டி சுட்டிருப்பார்களோ என்று யோசித்தார்கள். ரொட்டி முகம் கடையில் விற்பது, தபாலில் வராது என்று தங்கள் வீட்டுக்குத் தெரியும் என நகரத்துக்காரர்கள் தேறிக்கொண்டார்கள். மலைமேட்டுக் குடியானவர்களுக்குத்தான் பயம். அந்தப் பயத்திலும் கிண்டல் நிற்கவில்லை.

"அப்ப நாம எல்லாரும் செத்தாச்சு. செத்தவனுக்கு எதுக்குடா செங்கல் வேலை?"

எங்களுக்குக் காவல் இருந்த பராகுவேக்காரக் கிழவர் காதில் அது விழுந்துவிட்டது. "செத்தவங்களும் சாயங்காலத்துக்குள்ள சூளையை அடுக்கி முடிக்கணும்" என்றார்.

மெலித்தோன் மட்டும் சூளை ஓரமாக ஒதுங்கிப் போனார். சலிக்கிற டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யாரும் அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றியது.

"என் கைக்கு அந்த ஒரு முகம்தான் தெரியும்" என்றார் கடைசியில், என்னிடம். "யாரைச் சொன்னாலும் செத்தவனாத்தான் வரைவேன்."

அந்த வாரமே ஒரு வழி தெரிந்தது. ஞா தெயோலிந்தா சந்தையிலிருந்து செய்தி கொண்டுவந்தாள். கை கால் போன கைதிகளைப் போர் முடிவதற்கு முன்பே திருப்பி அனுப்பப் போகிறார்களாம். அவர்களை ஏற்றிக்கொண்டு போகிற லாரி, சனிக்கிழமை காலை தண்ணீருக்காக எங்கள் சூளையில் நிற்குமாம். லாரியில் போகிறவன் யாராவது வியாச்சா ரயில் நிலையத்தில் இறங்குவான். தொமாசா ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே சந்தையில் பாலாடைக்கட்டி விற்பாள். கையில் கொடுத்துவிடலாம்.

"வாயாலேயே சொல்லிடச் சொன்னா என்ன?" என்று ஒருவர் கேட்டார்.

"எந்தச் சிப்பாயாவது ஒரு விதவைகிட்ட, உன் புருஷன் செத்துட்டான்னு சொல்லியிருக்கானா?" என்றார் காவல்காரக் கிழவர். "எவனும் உயிரோட இருக்கான்னுதான் சொல்லுவான். சொல்லிட்டு ஓடிருவான்."

அப்படியானால் படம்தான் பேச வேண்டும். செத்தவன் என்று எவராலும் நினைக்க முடியாத ஒரு படம். எல்லோரும் யோசனை சொன்னார்கள்.

"சாப்பிடற மாதிரி வரைங்க மயெஸ்த்ரோ."

"மேசைக்கு வந்தவங்களும் சாப்பிடத்தான் வருவாங்க."

"குதிரை மேல உக்கார வைங்க."

"ரொட்டியில குதிரை செய்யறோமே. ஆன்மா அதுல ஏறித்தான் வரும்."

"ஏணி மேல நின்னு செங்கல் அடுக்கற மாதிரி?"

"ஏணி ரொட்டி யாருக்குடா சுடறோம்? செத்தவங்க இறங்கறதுக்குத்தான்."

"சரி, கையில கரும்பு."

"மேசைக்கு நாலு மூலையிலயும் கரும்பு."

உலகத்தில் இருக்கிற நல்லதையெல்லாம் எங்கள் ஆட்கள் ஏற்கெனவே செத்தவர்களுக்குக் கொடுத்துவிட்டிருந்தார்கள். உயிரோடு இருக்கிறவனுக்கு என்று ஒன்றும் மிச்சம் இல்லை.

மெலித்தோன் செவ்வாய், புதன் இரண்டு நாளும் வேலை முடிந்ததும் வரைந்தார். கிடைத்த சிகரெட் பெட்டி அட்டையில் எல்லாம் வரைந்து பார்த்தார். எல்லாமே அமைதியான, அழகான, நல்லடக்கம் செய்யப்பட்ட பொலிகார்ப்போவாக வந்தன. ஒவ்வொன்றையும் சூளை வாயில் போட்டு எரித்தார்.

வியாழக்கிழமை காலையில் பொலிகார்ப்போ வேலைக்கு எழுந்திருக்கவில்லை. வலது கன்னம் பூசணிக்காய் போல வீங்கியிருந்தது. கீழ்வரிசைக் கடைவாய்ப் பல். மூன்று நாளாக மனக்கவலையில் கரும்பைக் கடித்துக் கடித்துத் துப்பிக்கொண்டிருந்தான். எங்கள் குளிர்மேட்டில் வளராத கரும்பு இங்கே வேலிக்கு வேலி நிற்கிறது. யாரோ ஒரு துணியைத் தாடைக்குக் கீழே கொடுத்து உச்சந்தலையில் முடிந்திருந்தார்கள். அதைப் பார்த்த மெலித்தோன் அலறினார்.

"அவிழ்! முதல்ல அதை அவிழ்! பிணத்துக்குத்தான் அப்படிக் கட்டுவாங்க!"

துணியை அவரே அவிழ்த்தார். அவிழ்த்ததும் மெலித்தோன், மெலித்தோனின் தாய், இந்தப் போர், இந்தப் பல், எல்லாவற்றையும் சேர்த்துப் பொலிகார்ப்போ ஒரு கெட்ட வார்த்தை சொன்னான். சொல்லும்போது முகம் ஒரு பக்கமாகக் கோணியது. வலது கண் கன்னத்துக்குள் புதைந்தது. மேலுதடு ஏறி, ஓரத்தில் எச்சில் மின்னியது.

மெலித்தோன் அவன் முகத்துக்கு எதிரில் மண்ணில் உட்கார்ந்துவிட்டார். அதுவரை யார் முகத்துக்கு எதிரிலும் அவர் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"இந்தப் பல் தொமாசாவுக்குத் தெரியுமா?"

"தெரியாமயா? இனிப்புத் தின்னாதேன்னு தினமும் திட்டுவா. அவதான் வலி மரத்துப்போகக் கோக்கா இலையை மென்னு அதுல அடைச்சு விடுவா."

"செத்தவனுக்குப் பல்லு வலிக்காது" என்றார் மெலித்தோன். பிறகு எழுந்து, தூரிகையை எடுக்க ஓடினார்.

அன்று அவருடைய வேலையை நாங்கள் பங்கு போட்டுச் செய்தோம். கிழவரும் கண்டுகொள்ளவில்லை. மெலித்தோன் முதல் முறையாகப் பார்த்து வரைந்தார். அது அவருக்குக் கஷ்டமாக இருந்தது. ஒரு கோடு போட்டு, நிமிர்ந்து பார்த்து, அட்டையைப் பார்த்து, திரும்ப நிமிர்ந்து, போட்ட கோட்டை ரொட்டித் துணுக்கால் அழிப்பார். வீங்கிய தோல் இழுபட்டு மின்னுவதைக் காட்ட வெள்ளைக்கருவை மட்டும் தனியாக ஒரு பூச்சு கொடுத்தார். தாடி முளைகளை ஒவ்வொன்றாக வைத்தார். கொசு கடித்த தடிப்பையும் வைத்தார். வலது கன்னத்துக்குச் செங்கல் சிவப்பை ஏற்றியவுடன், அவர் கை தன் பழக்கத்தில் இடது கன்னத்துக்கும் போய் வட்டமாக ஒரு சிவப்பை வைத்துவிட்டது. கையையே கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்தார். பிறகு நாக்கால் விரலை ஈரப்படுத்தி அதைத் துடைத்தார்.

மத்தியானம் ஞா தெயோலிந்தா சூடான இலைக்கட்டு ஒன்றைத் துணியில் பொதிந்து கொண்டுவந்தாள். கன்னத்தில் வைத்தால் ஒரு மணி நேரத்தில் வீக்கம் வடிந்துவிடும் என்றாள். மெலித்தோன் குறுக்கே கையை நீட்டினார்.

"வேண்டாம் ஞா. இன்னும் முடியலை."

"என்ன முடியலை?"

"வீக்கம் வடிஞ்சா படம் போயிரும்."

"உனக்குப் பைத்தியமா? மனுஷன் வலியில துடிக்கிறான், நீ உக்காந்து படம் போடறியா?"

பொலிகார்ப்போவே பதில் சொன்னான், வாயைத் திறக்காமல், பாதி ஸ்பானிஷிலும் பாதி சைகையிலும். அவள் முழுவதும் கேட்டாள். ரொட்டி, கறுப்புத் துணி, நல்ல மாடு வைத்திருக்கிற லூக்காஸ். கேட்டு முடித்ததும் பலகை ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இலைக்கட்டைச் சூடு ஆறாமல் தன் மடியில் பாவாடைக்குள் பொத்தி வைத்துக்கொண்டாள்.

"என் பசங்களை அந்தப் பக்கம் எவனாவது பிடிச்சு வெச்சிருந்தா, இப்படித்தான் வரையச் சொல்லணும்" என்றாள். "வலியோட. சீக்கிரம் போடுப்பா."

இலைக்கட்டு ஆறும்போதெல்லாம் அவள் எழுந்துபோய்ச் சூடாக்கிக்கொண்டு வந்தாள். எத்தனை முறை என்று நான் எண்ணவில்லை. எதிரி நாட்டுக் கைதியின் பல்வலிக்காக, மகன்களைப் போருக்கு அனுப்பிய ஒருத்தி வெயிலில் அப்படிக் காத்துக்கிடந்ததை நினைத்தால், போரைப் பற்றிய என் மற்ற நினைவுகள் எல்லாம் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொள்கின்றன.

"சீக்கிரம் மயெஸ்த்ரோ" என்று முனகினான் பொலிகார்ப்போ. "செத்துருவேன் போலிருக்கு."

"சாகாதே. அதுக்குத்தானே இவ்வளவும்."

வெளிச்சம் குறைந்த பிறகுதான் மெலித்தோன் தூரிகையைக் கீழே வைத்தார். ஞா தெயோலிந்தா இலைக்கட்டைக் கன்னத்தில் அழுத்தினாள். அடுத்த நாள் கிழவர் குறடு கொண்டுவந்து பல்லையே பிடுங்கிவிட்டார். அதற்குப் பிறகு பொலிகார்ப்போவுக்குப் படத்தைக் காட்டினோம். அவன் முகம் மாறியது.

"இதையா அனுப்பப் போறீங்க? சந்தையில நாலு பேர் பார்ப்பாங்க. லூக்காஸ் பார்த்தா என்ன நினைப்பான்?"

"நீ இருக்கேன்னு நினைப்பான்."

"தொமாசா சிரிப்பா, மயெஸ்த்ரோ."

"சிரிக்கட்டும். ரொட்டி முகத்தைப் பார்த்து யாரும் சிரிச்சதில்லை."

அதன் பிறகு மலைமேட்டு ஆட்கள் அத்தனை பேரும் புதுப்படம் கேட்டார்கள். அவர் ஒருவனையும் நல்ல நாளில் வரையவில்லை. எப்போது கண்கட்டி வரும், எப்போது புருவம் சூளையில் பொசுங்கும் என்று காத்திருந்து வரைந்தார். ஒருவனைக் கொட்டாவியின் நடுவில் பிடித்தார். எனக்குச் சளி பிடித்த வாரத்தில் என்னைத் தும்மலுக்கு முன்னால் மூக்கு விரிய வரைந்தார். நகரத்துக்காரனான எனக்கு அது தேவையே இல்லை; ஆசைப்பட்டுக் கேட்டேன். என் அம்மா அந்த அவலட்சணத்தைச் சட்டம் போட்டு மாட்டிவைத்தாள். இன்றும் அது என் கடைச் சுவரில் இருக்கிறது. தொப்பி வாங்க வருகிறவர்கள் பார்த்துவிட்டு, உடம்பு சரியில்லையா என்று என்னையே கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்காக நான் மெலித்தோனுக்கு எத்தனை முறை மனதுக்குள் நன்றி சொல்லியிருப்பேன் என்று தெரியாது.

முகாமில் காய்ச்சலில் போனவர்களும் உண்டு. அவர்களுக்கு மட்டும் அவர் பழைய கையால், மூடிய வாயோடு, இரண்டு கன்னமும் சிவக்க வரைந்து வைத்தார். போர் முடிந்து திரும்பியபோது அந்தப் படங்களை அந்தந்த வீடுகளில் தானே கொண்டுபோய்க் கொடுத்தார். பிறகு தன் மேட்டுத் தெருவில் உட்கார்ந்து கடைசிவரை ரொட்டி முகம் செய்தார். பொலிகார்ப்போவும் தொமாசாவும் ஒவ்வொரு நவம்பரிலும் அவரிடம் வந்துதான் முகம் வாங்கினார்கள், தங்கள் பெற்றோரின் மேசைக்கு. பல்வலிப் படம் போய்ச் சேர்ந்த ஆண்டு தொமாசா தன் புருஷனுக்கு மேசை போடவில்லை. கறுப்பை நவம்பர் வரும் முன்பே அவிழ்த்துவிட்டாள். உழவு முடித்துக் கொடுத்த லூக்காசுக்கு ஓர் ஆட்டுக்குட்டி கொடுத்து அனுப்பினாளாம்.

இதெல்லாம் எங்களுக்குப் பல மாதங்கள் கழித்துத் தெரிந்தது. அந்தச் சனிக்கிழமை காலையில் எதுவும் தெரியாது. லாரி வந்து கிணற்றடியில் நின்றது. பின்தட்டில் கட்டுப்போட்டவர்கள் நெருக்கமாக உட்கார்ந்திருந்தார்கள். வியாச்சா வழியாகப் போகிறவர் யார் என்று மெலித்தோன் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே வந்தார். ஒருவர் கையைத் தூக்கினார். கொச்சபம்பாப் பள்ளத்தாக்குக்காரர், லா பாஸ் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர், பெயர் இலாரியோன். ஒரு கால் முழங்காலோடு போயிருந்தது. வேறு முகாமிலிருந்து வந்தவர். எங்களில் யாரையும் தெரியாது. பொலிகார்ப்போ பல் பிடுங்கிய வாயோடு சூளைக்குப் பின்னால் நின்றுகொண்டான். ஆளைப் பார்த்துவிட்டால் கொண்டுபோகிறவர் படத்தைப் பார்க்க மாட்டார் என்று மெலித்தோன்தான் அவனை அங்கே நிறுத்தியிருந்தார்.

"ஞாயித்துக்கிழமை சந்தையில பாலாடைக்கட்டி விப்பா. பேரு தொமாசா. கறுப்புல இருப்பா" என்றார் மெலித்தோன். "ஒண்ணும் சொல்ல வேண்டாம். இதைக் குடுத்தாப் போதும்."

"என்ன அது?"

மெலித்தோன் துணியைப் பிரித்து அட்டையைத் திருப்பிக் காட்டினார். இலாரியோன் குனிந்து பார்த்தார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவருடைய வலது கை தானாக எழுந்து தன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டது.

"ஐயோ பாவமே" என்றார். "இவனுக்கு யாராவது அந்தப் பல்லைப் பிடுங்கி விட்டீங்களா?"

லாரி உறுமியது. மெலித்தோன் துணியை நான்கு பக்கமும் மடித்து மூடி, கட்டைவிரலால் ஒரு முறை அழுத்திவிட்டு, படத்தை அவர் கையில் கொடுத்தார்.